கடைசி வாங்கிலிருந்து ஒரு மேற்பார்வை

பத்மாவதி வகுப்பைப் பார்க்கப் போனால் தனக்கென்று முன்னால் போட்டிருக்கும் கதிரையில் இருக்கமாட்டார். மெத்தை வைத்த கதிரையாக இருக்கட்டும், பக்கத்து மேசையில் பூச்சாடி இருக்கட்டும், ஒரு சிரிப்போடு அதைக் கடந்து நேரே கடைசி வாங்கிலே போய்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்துவிடுவார். வலயக் கல்வி அலுவலகத்தில் புவியியல் ஆசிரிய ஆலோசகர் அவர். அந்த வேலையில் பதினெட்டு வருடம் ஆகிவிட்டது.

"ரீச்சரைப் பார்த்து என்ன பிரயோசனம்? நாங்கள் போற அண்டைக்கு அவ நல்ல சீலைதான் கட்டியிருப்பா. பிள்ளையளைப் பார்க்கோணும்" என்பது அவருடைய கட்சி. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஒரு வகுப்புக்கு ஏழு நிமிடம் போதும் என்று அலுவலகத்தில் அடித்துச் சொல்வார். பெரும்பாலும் அவருடைய கணக்குத் தப்பியதில்லை. அது அவருக்கும் நன்றாகத் தெரியும் என்பதுதான் மற்றவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல்.

தை மாதத்தில் ஒரு நாள் வடமராட்சிக் கரையில் உள்ள ஒரு சின்னப் பாடசாலைக்கு அவர் போனது ஜெயனி என்ற ஆசிரியைக்காக. ஜெயனி வட்டுக்கோட்டைப் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரக் குடும்பத்துப் பெண். மூன்று வருடத் தகுதிகாண் காலம் முடிகிறது. போன வருடம் வந்து பார்த்த வேறோர் ஆலோசகர், "வகுப்பில் சத்தம் அதிகம். மாணவர் கட்டுப்பாடின்றிக் கதைக்கின்றனர்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். இந்த முறையும் குறை எழுதினால் நியமனம் நிரந்தரமாகாது. இன்னொரு வருடம் இழுபடும், அதற்குப் பிறகு வேலையே சந்தேகம். பத்மாவதியின் கையிலிருந்த இரண்டு பக்கப் படிவத்தில்தான் எல்லாம் இருந்தது.

பாடசாலை அதிபர் முத்துக்குமாரு வாசலிலேயே காத்து நின்றார்.

"வாங்கோ ரீச்சர். முதல்ல ஒரு தேத்தண்ணி குடியுங்கோ. றோல்ஸும் எடுப்பிச்சு வச்சிருக்கிறன்."

"பாடம் முடியட்டும் சேர்."

"இந்த முறை வகுப்பு நல்ல அமைதி. நானே நிண்டு சொல்லிக் குடுத்தனான்."

அதைக் கேட்டதும் பத்மாவதியின் மனதில் ஒரு சின்ன மணி அடித்தது.

தரம் எட்டு. முப்பத்தொரு பிள்ளைகள். வடக்கே கடல் பக்கத்து யன்னல்கள் எல்லாம் பூட்டியிருந்தன. ஜெயனி ஒரு கேள்வி கேட்டார். முப்பத்தொரு கையும் ஒரே வீச்சில் மேலே போனது. ஒரு பிள்ளை எழுந்து அழகாகப் பதில் சொன்னது. அடுத்த கேள்வி, மறுபடியும் முப்பத்தொரு கை. ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

பத்மாவதி கைகளைப் பார்த்தார். சில பிள்ளைகள் வலக்கை உயர்த்தியிருந்தார்கள், சில பிள்ளைகள் இடக்கை. பதில் தெரிந்தவர் வலக்கை, தெரியாதவர் இடக்கை என்று முதல் நாளே சொல்லி வைப்பார்கள். ஆசிரியர் வலக்கையாகப் பார்த்துக் கேட்பார். மேற்பார்வைக்கு வருபவர்களுக்குக் காட்டவென்றே எங்கள் பாடசாலைகள் கண்டுபிடித்த வித்தை இது. பக்கத்திலிருந்த பிள்ளையின் கொப்பியை மெல்ல இழுத்துத் திறந்தார். இதே பாடம், திங்கட்கிழமைத் திகதி, சிவப்பு மையால் திருத்தமும் போட்டாகிவிட்டது. சமைத்த சோற்றைத் திரும்பச் சமைக்கிறார்கள். பத்மாவதி பேனையை மூடிவிட்டார்.

அவர் பேனையை மூடியதை ஜெயனி கண்டுவிட்டார். கேட்க வந்த கேள்வி வாயிலேயே நின்றது. வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னார்.

"கையைக் கீழை விடுங்கோ."

பிறகு கடைசி வாங்கைப் பார்த்தார்.

"மேடம், இது நான் திங்கட்கிழமை படிப்பிச்ச பாடம். இண்டைக்குப் படிப்பிக்க வேண்டியது வேறை. அதைத் தொடங்கட்டோ?"

"உங்கடை வகுப்பு. தொடங்குங்கோ" என்றார் பத்மாவதி. வாசலில் நின்ற அதிபரின் முகம் புளி தின்ற மாதிரிப் போனது.

அதன் பிறகுதான் வகுப்பு வகுப்பானது. பருவக்காற்றுப் பாடம். "உங்கடை ஊரிலை என்னென்ன காத்து அடிக்கும்?" என்று ஜெயனி கேட்டதுதான் தாமதம், நாலு பக்கத்திலிருந்தும் பதில் வந்தது. வாடை, சோளகம், கொண்டல், கச்சான். புத்தகத்தில் வடகீழ் என்றும் தென்மேல் என்றும் போட்டிருப்பதை எது எதுவென்று பிள்ளைகளே பொருத்தினார்கள். சிவதர்ஷன் என்ற பையன் மாறிச் சொன்னான். ஜெயனி "பிழை" என்று வெட்டவில்லை. "ஏன் அப்பிடி நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவன் யோசித்துத் தானே திருத்திக்கொண்டான். கேள்வி கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்க ஆசிரியருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று பத்மாவதிக்குத் தெரியும். பேனை மறுபடியும் திறந்தது. இவள் ரீச்சர்தான் என்று மனம் குளிர்ந்தது.

ஜெயனி பலகையில் இலங்கைப் படம் கீறினார். குடாநாட்டின் மேல் ஓர் அம்புக்குறி போட்டு "வடகீழ்ப் பருவக்காற்று, எங்கடை வாடை" என்றார். வடிவான படம், நேரான அம்பு. பத்மாவதி தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்த்தார். படிவத்தில் "பாட அறிவு" என்ற வரிக்கு நேரே "மிக நன்று" என்பதில் சரி போட்டார்.

"ரீச்சர், அது பிழை."

இரண்டாம் வாங்கிலிருந்து பிரதீபா என்ற பிள்ளை எழுந்து நின்றாள்.

"எங்கை பிழை?"

"நீங்கள் அம்பைத் தரையிலை இருந்து கடலுக்குப் போட்டிருக்கிறியள். வாடை அப்பிடி அடிச்சால் எங்கடை வள்ளமெல்லாம் சும்மாவே கடலுக்கை போயிடுமே. பிறகு ஏன் அப்பா மூண்டு நாளாய்த் தொழிலுக்குப் போகாமல் வீட்டிலை நிக்கிறார்?"

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ரீச்சர் போட்டால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பக்கம். பிரதீபாவின் தகப்பன் பொய் சொல்லுவாரா என்று மறு பக்கம். அதிபர் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். ஜெயனி அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"இப்ப அடிக்கிறது என்ன காத்து?"

"வாடை" என்றது வகுப்பு.

"அப்ப அந்த யன்னலைத் திறந்து பார்ப்பம்."

யன்னலைத் திறந்ததும் கடல் காற்று மணலோடு உள்ளே பாய்ந்தது. கொப்பிகள் படபடத்தன. பத்மாவதியின் மடியிலிருந்த படிவம் எழும்பி, இரண்டு வாங்கு தாண்டி, தெற்குப் பக்க வாசலில் நின்ற அதிபரின் காலடியில் போய் விழுந்தது. வகுப்பே சிரித்தது. இனி யாருக்குச் சந்தேகம்?

"நான் போட்டது பிழை. பிரதீபா, வந்து நீ போடு" என்றார் ஜெயனி. பிள்ளை பலகையில் அம்பை அழித்துக் கடலிலிருந்து தரைக்குப் போட்டது. ஜெயனி குனிந்து படிவத்தை எடுத்தார். எடுக்கும்போது அந்த ஒரு சரியடையாளம் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மணலைத் தட்டிவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

பத்மாவதிக்குக் காது சூடாகியது. புவியியல் ஆலோசகர். பதினெட்டு வருடம். பலகையில் அம்பு தலைகீழாகப் போகிறது, இவர் மிக நன்று போட்டிருக்கிறார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், ஆனால் சறுக்கிய யானைக்குத்தான் நோவு தெரியும்.

பாடம் முடிந்ததும் அதிபரின் அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். முத்துக்குமாரு முந்திக்கொண்டார்.

"மன்னிக்கோணும் ரீச்சர். அந்தப் பிள்ளைக்கு வாய் கூட. நான் கூப்பிட்டுக் கண்டிக்கிறன். நீங்கள் அந்த அம்பு விசயத்தை எழுதாதேங்கோ. சரி போட்டது போட்டபடி இருக்கட்டும். உங்களுக்கும் நல்லது, இவவுக்கும் நல்லது."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தச் சரியை அப்படியே விட்டால் ஜெயனியின் வேலை நிரந்தரம், பத்மாவதியின் பேரும் பத்திரம். உண்மையை எழுதினால் இரண்டு பேருக்கும் ஒரு கீறல். ஜெயனி தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் எதுவும் கெஞ்சாதது பத்மாவதிக்குப் பிடித்திருந்தது.

பத்மாவதி அந்தச் சரியைக் குறுக்கே வெட்டினார். பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தார். கீழே குறிப்புக்கு விட்டிருந்த நாலு வரி இடத்தில் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்துப் படிவத்தை ஜெயனியின் பக்கம் திருப்பி வைத்தார்.

"வாசியுங்கோ. சத்தமாய். சேரும் கேக்கட்டும்."

ஜெயனி வாசித்தார்.

"ஆசிரியர் பலகையில் ஒரு பிழை விட்டார். மேற்பார்வையாளராகிய நான் அதைக் கவனிக்கவில்லை. தரம் எட்டு மாணவி ஒருவர் கவனித்து, எழுந்து நின்று, ஆசிரியருக்குச் சொன்னார். அவர் பயப்படவில்லை. ஆசிரியர் கோபிக்கவில்லை. நியமனத்தை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்கிறேன்."

வாசித்து முடித்த ஜெயனி படிவத்தை மேசையில் வைத்தார். அவர் சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

"இது மேலிடத்துக்குப் போனால் உங்களைக் கேக்க மாட்டினமே ரீச்சர்?" என்றார் முத்துக்குமாரு. அவர் உண்மையிலேயே கவலைப்பட்டார்.

"கேப்பினம்" என்றார் பத்மாவதி. "கேட்டால் பிரதீபாவின்ரை வகுப்பிலை வந்து இருந்து பார்க்கச் சொல்லுவன்."

அடியில் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.