நந்தவனச் சுவருக்கு ஒரு கொடி

அனுமந்தை அம்மன் கோயில் நந்தவனத்துக்கு இரும்பு பெஞ்சு வாங்கிப் போட்டவர் கலியபெருமாள். தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். 'உபயம்' என்று தொடங்கி, தன் பெயர், தகப்பனார் பெயர் எல்லாவற்றையும் பெஞ்சின் முதுகில் பெயின்டில் எழுதவைத்தார். இடம் போதாமல், வகித்த பதவி மட்டும் பெஞ்சின் காலுக்குப் போயிற்று. உப்புக்காற்றுக்குப் பெரிய மனிதர் சின்ன மனிதர் தெரியாது. இரண்டே மழைக்காலத்தில் பெயரைத் தின்றுவிட்டு பெஞ்சை மட்டும் விட்டுவைத்தது.

ஐஸ் ஃபேக்டரி தட்சணாமூர்த்தி விவரமானவர். ஆடு வராமலிருக்க அதே நந்தவனத்துக்கு மதில் கட்டிக்கொடுத்தவர், பெயின்டை நம்பவில்லை. கண்ணாடிபோல் இழைத்த கறுப்பு கிரானைட்டில் பெயரை வெட்டி, சுவரின் நடுவில் பதித்துவிட்டார். பெஞ்சுக்கு நேர் எதிரே. கலியபெருமாளின் பெஞ்சில் சாய்ந்துகொண்டு ஊரே தட்சணாமூர்த்தியைப் படித்தது.

கலியபெருமாளுக்குச் சோறு இறங்கவில்லை.

"பெஞ்சைத் திருப்பிப் போட்டுட்டா போச்சு" என்றாள் மனைவி செல்லம்மாள்.

"சிமென்ட்ல புதைச்சிட்டேன்டி."

"அப்ப நீங்க திரும்பி உக்காருங்க."

அவருக்கு வேறு யோசனை. சுவரில் கொடி ஏற்றினால்? பசுமை, கோயில் கைங்கரியம். ஒருத்தன் குறை சொல்ல முடியாது. அந்தக் கல்லும் இலைக்குள் போய் ஒழியும்.

இடையஞ்சாவடி நர்சரிக்குப் போனார். செடி விற்கிற வினோதினி கேட்டாள்: "வெயில் எவ்ளோ நேரம் அடிக்கும் சார்?"

"அடிக்காதும்மா. பக்கத்துலயே அரசமரம்."

"அப்ப மல்லி, முல்லைய மறந்துடுங்க. நிழல்ல வெறும் இலைதான் வரும்."

"இலைதான் வேணும்! பூ யாருக்கு வேணும்?"

பூ வேண்டாமென்று மகிழ்ச்சியாகச் சொன்ன முதல் ஆள் இவர்தான் போல. அவள் ஒருமாதிரி பார்த்தாள்.

"வெத்தல வைக்கிறீங்களா? நிழல்ல நல்லா வரும்."

"ஊரே பறிச்சுட்டுப் போயிடும். ஓட்டை விழும்மா. ஒரு எழுத்து... ஒரு இடம்கூட வெளிய தெரியக்கூடாது."

"அப்ப இது. கிரீப்பிங் ஃபிக். நம்ம அத்தி ஜாதிதான், சின்ன இலை. கம்பி, கயிறு எதுவும் வேணாம், தானே ஒட்டிக்கிட்டு ஏறும். சுவர் சொரசொரப்பா, வழவழப்பா சார்?"

கல்லைப் பற்றிச் சொன்னால் கதை வெளியே வரும். "சுவர் சுவர் மாதிரிதாம்மா இருக்கும்" என்றார், ஆபீசில் மனு கொண்டுவந்தவர்களுக்குப் பதில் சொல்லிய அதே தோரணையில்.

நட்டார். நந்தவனத்து போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால், வீட்டில் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரை ஊற்றினார். "எனக்கு ஜுரம் வந்தப்பகூட இவ்ளோ தண்ணி தரலியே" என்றாள் செல்லம்மாள்.

கொடி நன்றி மறக்கவில்லை. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் சுவர் முழுக்கப் பச்சை. கல்லின் நான்கு பக்கமும் வந்து நின்றது. அங்கேயே நின்றுவிட்டது. வழவழத்த கிரானைட்டில் வேர் பிடிக்கவில்லை. முன்பு அழுக்குச் சுவரில் ஒரு கறுப்புக் கல். இப்போது பச்சைச் சட்டம் போட்ட படம். மரக்காணத்திலிருந்தெல்லாம் வந்து அதன்முன் நின்று செல்ஃபி எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் தட்சணாமூர்த்தி பெயர்.

சொரசொரப்பாக்கிவிட்டால் ஏறிவிடும் என்று கணக்குப் போட்டார் கலியபெருமாள். விடியுமுன் உப்புத்தாளோடு போய்த் தேய்த்தார். கல் மசியவில்லை. எழுத்துகளில் அடைந்திருந்த தூசிதான் போயிற்று. பெயர் பளிச்சென்று எழுந்து வந்தது.

"ஏம்பா கலியபெருமாளு!"

வாக்கிங் வந்த தட்சணாமூர்த்தி பின்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"உன்ன என்னென்னவோ நெனைச்சிட்டேன்பா. கொடி வச்ச. இப்ப பேரையும் துடைக்கிற. தினமும் வர்றியா?"

உப்புத்தாளைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டே, "ஆமா" என்றார் கலியபெருமாள். வேறு என்ன சொல்வது?

திருவிழாவில் மைக் போட்டு அறிவித்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதனால் இனி நிறுத்தவும் முடியாது. காலையில் அவர் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் செல்லம்மாள் ஈரத்துணியை அவர் மேல் போடுகிறாள்.

"எழுந்திரிங்க. ரெண்டு நாளா பேரு மங்கலா இருக்குதாம். ஐஸ் ஃபேக்டரிக்காரர் ஃபோன் பண்ணாரு."