பவதாரணி இறங்கிய பாடம்

எங்கள் பள்ளியில் புவியீர்ப்பு இன்னும் நடத்தப்படவில்லை. அறிவியல் ஆசிரியர் பணியிடம் சில வருடங்களாகக் காலி. நடத்தாத பாடம் காம்பவுண்டுக்குள் செல்லாது என்பதால், இங்கே விட்ட பொருள் விட்ட இடத்திலேயே நிற்கும். சத்துணவு அக்கா சாம்பாரைக் கரண்டியால் தட்டில் அழுத்தி வைப்பார். மற்றபடி தொந்தரவு எதுவும் இல்லை.

ஒலிப் பாடத்தை, முன்பு இருந்தவர் முக்கிய வினாக்களை மட்டும் நடத்திவிட்டு மாறுதலில் போய்விட்டார். அதனால் முக்கியமான சத்தங்கள் மட்டும் கேட்கும். பெல் கேட்கும். தலைமையாசிரியர் சூசைராஜ் சாரின் பிரார்த்தனைக் கூட்ட உரை கேட்காது. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எட்டாம் வகுப்பு பவதாரணி உயரம் தாண்டுதலில் மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தாள். எங்கள் பள்ளியிலிருந்து போகும் முதல் ஆள் அவள்தான். இடுப்பில் கயிறு கட்டித்தான் பயிற்சி எடுப்பாள். குதித்ததும் மற்ற பிள்ளைகள் கயிற்றைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். போட்டிக்கு முதல் நாள் அந்தக் கயிறு கொடிக்கம்பத்துக்குப் போயிருந்தது. அவள் பாட்டுக்குக் குதித்துவிட்டாள். நான் போய்ப் பார்த்தபோது வேப்பமரத்து உச்சிக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள்.

"கயித்தைப் போட்டு இழுத்துரலாம் டீச்சர்" என்றான் அவள் வகுப்பு வேல்மயில்.

"இன்னைக்கு இழுத்துருவ. நாளைக்குப் போட்டியில யாருடா இழுக்கிறது?" என்றாள் மேலே இருந்தவள்.

நியாயமான கேள்வி. போட்டி வேறொரு பள்ளியின் காம்பவுண்டுக்குள்; அங்கே இந்தப் பாடம் நடந்ததோ என்னவோ. கம்பியைத் தாண்டினால் மட்டும் போதாது, இறங்கவும் வேண்டும். முழுசாக நடந்த பாடம் பிள்ளையோடு எந்த ஊருக்கும் கூடவே போகும். ஆனால் நடத்துவதற்கு நான்தான் இருந்தேன். நான் தமிழ் டீச்சர்.

வகுப்பை மரத்தடிக்கு வரவழைத்துப் பாடத்தை வாசித்தேன். பவதாரணி அசையவில்லை. கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னேன். அவளுடைய செருப்பு ஒன்று மட்டும் இறங்கி வந்தது.

புத்தகத்தை மூடிவிட்டேன். "எனக்கும் சரியாத் தெரியாது. போட்டுப் பார்ப்போம், வாங்க" என்றேன். கல், ரப்பர், வேப்பங்காய், என் கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் ரோட்டில் போட்டுப் பார்த்தோம். மேலிருந்து பவதாரணிக்கு ரோடு நன்றாகத் தெரிந்தது. பெரிய கல்லும் சின்னக் கல்லும் ஒன்றாக விழுந்ததை வேல்மயில் நம்பவே இல்லை. திரும்பத் திரும்பப் போட்டான்.

"பெருசை பூமி ஜாஸ்தியாத்தான் இழுக்குது டீச்சர். ஆனா பெருசு கிளம்புறதுக்குச் சோம்பேறி. அதான் ரெண்டும் சரியாப் போயிருது" என்றான் கடைசியில். பவதாரணி சரசரவென்று இரண்டு கிளை இறங்கினாள். எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு கேள்வியை அடக்க முடியவில்லை. அவளும் கேட்டாள்.

"அப்ப நானும் பூமியை இழுக்கிறேனா டீச்சர்?"

"இழுக்கிற" என்றேன். மைதானம் லேசாக அவளை நோக்கி எழும்பி, மறுபடி உட்கார்ந்தது.

கேள்விக்குக் கேள்வி இறங்கி வந்தவள், தரைக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றுவிட்டாள். யாருக்கோ இன்னும் புரியவில்லை என்று அர்த்தம். ஒவ்வொருவராகக் கேட்டேன். பிள்ளைகள் எல்லோருக்கும் புரிந்திருந்தது, சத்துணவு அக்காவுக்கும்தான். பிறகு எல்லோரும், வேடிக்கை பார்க்க வந்து நின்ற சூசைராஜ் சாரைப் பார்த்தோம்.

"எனக்கு இதெல்லாம் சின்ன வயசுலயே மனப்பாடம்" என்றார்.

"நீங்க எதையும் கீழ போட்டதே இல்லையே சார்" என்றாள் பவதாரணி.

உண்மைதான். ஆய்வக அலமாரியின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அதிகாரிகள் பார்வையிட வரும் அன்று திறப்பார், துடைப்பார், பூட்டுவார். உடைந்தால் யார் பதில் சொல்வது என்பார். ஒரு முழ உயரத்தில் நிற்கும் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே போய் ஒரு பீக்கரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். கண்ணை மூடிக்கொண்டு அதைக் கீழே விட்டார்.

"அட, இதுதானா" என்றார்.

பவதாரணியின் கால் தரையில் பட்டது. மைதானத்தில் அங்கங்கே நின்றிருந்த பழைய பந்துகளும் சாக்பீஸ்களும் பொலபொலவென்று விழுந்தன. சத்துணவு அக்கா விளக்குமாற்றோடு வந்தார். அடுத்த பீக்கரை எடுக்க ஓடிய சாரை நான்தான் தடுத்து நிறுத்தினேன்.

போட்டி டவுனில் ஒரு பெரிய பள்ளியில் நடந்தது. பவதாரணி முதல் பரிசோடு வந்தாள்.

"நான் ஒண்ணும் அவ்வளவு ஒசரம் தாண்டலை டீச்சர். அங்க நோட்ஸ் குடுத்தே பாடத்தை முடிச்சிருக்காங்க. மத்த பிள்ளைங்க எல்லாம் தாண்டிட்டு மேலயே நின்னுட்டாங்க. கீழ வந்தது நான் மட்டும்தான்."

"இப்பவும் நிக்கிறாங்களா?" என்று சார் கேட்டார்.

"ஆமா சார். மேலயே சாப்பாடு குடுக்கிறாங்க."

சூசைராஜ் சார் அலமாரியைத் திறந்து, மிச்சமிருந்த பீக்கர்களைப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எட்டாம் வகுப்பு டவுன் பஸ் ஏறியது. பீக்கர்கள் இதுவரை வெளியூர் பார்த்ததில்லை என்பதால், ஜன்னலோர சீட்டுகளை அவற்றுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் நின்றுகொண்டே போனோம்.