வேஷக்காரச் சொற்கள்

கலிபோர்னியாவில் ஆக்ஸ்னார்டில் ஸ்ட்ராபெரி பறிக்கிற மெக்சிகோக்காரர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஒஃபேலியா சமூடியோவுக்குத் தன் பாடமுறை மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. இந்த வயதில் இங்கிலீஷாவது ஒன்றாவது என்ற முகத்தோடு வந்து உட்காருகிறவர்களிடம், உங்களுக்கு ஏற்கெனவே ஆயிரக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் தெரியும் என்று முதல் நாளே சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டுப் பலகையில் ஸ்பானிஷ் சொல்லை எழுதி, பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதுவாள். நெசெசாரியோ, நெசசரி. ஒப்போர்த்துனிதாத், ஆப்பர்ச்சூனிட்டி. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி அப்படியொரு முகஜாடை. இவற்றுக்குச் சொந்தக்காரச் சொற்கள் என்று பெயரும் வைத்திருந்தாள். வயலில் நாளெல்லாம் குனிந்து கிடந்தவர்கள் அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இந்த முறை கடைசி வரிசையில் ஒருத்தி நிமிரவில்லை. எர்மெலிந்தா என்று பெயர். முப்பது வயதிருக்கும். ஒரு வகுப்பும் தவறியதில்லை, தாமதமாக வந்ததில்லை. புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டுவாள். பரீட்சை வைத்தால் பாதிகூடத் தேற மாட்டாள். கண்ணெதிரே சொந்தக்காரன் நின்று கையசைக்கிறான், இவள் யாரோ எவரோ என்று பார்க்கிறாளே என்று ஒஃபேலியாவுக்கு எரிச்சலாக வரும்.

எரிச்சலோடு ஒரு நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. வகுப்பில் இடத்துக்காகக் காத்திருப்பவர்கள் ஏராளம். முன்னேறாதவர்கள் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. யார் யார் தொடரலாம் என்று ஒஃபேலியா வெள்ளிக்கிழமைக்குள் அலுவலகத்தில் சொல்லியாக வேண்டும். எர்மெலிந்தாவை நிறுத்திவிடுவது என்று மனதுக்குள் ஏறக்குறைய முடிவு செய்திருந்தாள்.

புதன்கிழமை வேஷக்காரச் சொற்களுக்குப் பரீட்சை. பார்த்தால் சொந்தக்காரன் மாதிரியே இருந்து, நம்பிப் போனால் காலை வாரிவிடும் சொற்கள் அவை. ஸ்பானிஷில் சோப்பா என்றால் குடிக்கிற சூப். ஆங்கிலத்தில் சோப் என்றால் குளிக்கிற சோப்பு. எக்ஸிதோ என்றால் வெற்றி; எக்ஸிட் என்றால் வெளியே போகும் வழி. மெக்சிகோவின் மிச்சோவாக்கானிலிருந்து வந்த ராமிரோ, தண்ணீர் பாய்ச்சும் வேலையில் நரைத்தவர், பாடம் நடத்தியபோது இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் யோசித்தார்.

"கதவுக்குக் கதவு வெற்றின்னு எழுதி வச்சிருக்கானே, நல்ல நாடுதான்னு நெனச்சேன் டீச்சர். நானும் வந்த நாளா நுழைஞ்சு பாக்குறேன், தெருவுலதான் போய் நிக்கிறேன்."

சொல்லிச் சிரிக்க வைத்தவரே பரீட்சையில் எல்லா வேஷக்காரனையும் கட்டித் தழுவி வைத்திருந்தார். மற்றவர்களும் அப்படித்தான். எர்மெலிந்தா தாளில் மட்டும் ஒரு தப்பு இல்லை. காப்பியடித்திருப்பாள் என்றுதான் ஒஃபேலியாவுக்கு முதலில் தோன்றியது. ஆனால் காப்பியடிக்கவும் சரியாக எழுதினவன் ஒருவன் வேண்டுமே. அந்த அறையில் அப்படி யாரும் இல்லை.

வகுப்பு முடிந்ததும் அவளை இருக்கச் சொன்னாள். சோப் என்று படித்ததும் சோப்பா நினைவுக்கு வரவில்லையா என்று ஸ்பானிஷில் கேட்டாள். எர்மெலிந்தா தலையாட்டினாள். வந்ததா, வரவில்லையா என்று மறுபடி கேட்டாள். அதற்கும் தலையாட்டினாள். அப்போதுதான் ஒஃபேலியாவுக்கு உறைத்தது. இந்த ஊரிலேயே பிறந்து, மெக்சிகோ மலைப் பழங்குடிகளான மிஸ்டெக் பிள்ளைகள் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்து வளர்ந்தவளுக்கு இத்தனை நாள் உறைக்காமல் போனது வெட்கக்கேடு என்று அவளே நினைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுல பேசுறது ஸ்பானிஷ் இல்லதானே?"

எர்மெலிந்தா கதவைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகு அரைகுறை ஸ்பானிஷில் மெல்லச் சொன்னாள். தெற்கு மெக்சிகோவின் வாஹாக்கா மலைக்காரி அவள். மிஸ்டெக்தான் தாய்மொழி. ஸ்பானிஷை இங்கே வந்து வயலில் பொறுக்கிக்கொண்டாள். பெட்டி, வரிசை, தண்ணீர், சீக்கிரம். மெதுவாகப் பேசினால் சமாளிப்பாள், அவ்வளவுதான் அவள் ஸ்பானிஷ். பலகையில் ஒஃபேலியா எழுதிய சொந்தக்காரர்கள் இரண்டு பக்கமும் அவளுக்கு அந்நியர்கள். ஸ்பானிஷ் சொல் நினைவுக்கு வந்தால்தானே வேஷக்காரன் ஏமாற்ற முடியும்.

ஒஃபேலியாவுக்கு மனசு இளகிவிட்டது. இளகினால் உடனே ஒரு ஏற்பாடு செய்யாமல் அவளால் இருக்க முடியாது. செவ்வாய்க்கிழமைகளில் ஸ்பானிஷ் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறார்கள், முதலில் அதில் சேருங்கள், அது வந்துவிட்டால் இங்கிலீஷ் தானாக வரும், நானே பேசிச் சேர்த்துவிடுகிறேன் என்று அடுக்கிக்கொண்டே போனாள். எர்மெலிந்தா முதல் தடவையாகத் தலையை ஆட்டாமல் வைத்திருந்தாள்.

"வேணாம் டீச்சர். ஸ்பானிஷ்ல வாயத் தொறந்தா சிரிக்கிறாங்க. மலைக்காரின்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. இங்கிலீஷ்னா எல்லாரும் என்னை மாதிரி தடுமாறுறவங்கதான்."

எர்மெலிந்தா இன்னும் ஒன்று சொன்னாள். போன வருஷம் மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டார்கள். அவளுக்காக ஸ்பானிஷ் பேசும் ஆள் ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். ரேடியோவில் செய்தி வாசிப்பது மாதிரி அவர் வேகமாகச் சொல்லச் சொல்ல இவள் தலையாட்டினாள். மகளை அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைக்கச் சம்மதமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

"நான்தான் சரின்னிருக்கேன். பிள்ளை இன்னிக்கும் கேக்குது, ஏம்மா நீ சரின்னு சொன்னேன்னு. அடுத்த மாசம் திரும்பக் கூப்பிட்டிருக்காங்க. இந்தத் தடவ நானே பேசணும்."

இவளையா நிறுத்த இருந்தோம் என்று ஒஃபேலியா நினைத்துக்கொண்டாள். தன் தாய்மொழி மிஸ்டெக் என்று மற்றவர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்று எர்மெலிந்தா கேட்டுக்கொண்டாள். சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள் ஒஃபேலியா.

வெள்ளிக்கிழமை எர்மெலிந்தா தொடர்கிறாள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு வகுப்புக்கு வந்த ஒஃபேலியா, பலகையைச் சுத்தமாகத் துடைத்தாள். இன்றைக்கு ஸ்பானிஷ் கிடையாது, சொந்தக்காரரும் இல்லை, வேஷக்காரரும் இல்லை என்று அறிவித்தாள். வகுப்பு முனகியது. கைப்பொருளைப் பிடுங்கிக்கொண்டது போல ராமிரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இரண்டிரண்டு பேராக ஒரு விளையாட்டு. ஒருவர் அலுவலகத்து ஆள். எதையாவது வேகமாகச் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். மற்றவர் குறுக்கிட்டு, நிறுத்துங்கள், புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். எர்மெலிந்தாவுக்கு எதிரே ராமிரோவை உட்கார வைத்தாள்.

ராமிரோ தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். எர்மெலிந்தா தலையாட்டினாள். அவர் இன்னும் கொட்டினார். அவளும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு பிள்ளையின் ஒரு வருஷம் எப்படிப் போயிருக்கும் என்பதை ஒஃபேலியா கண்ணால் பார்த்தாள். எழுந்து போய் நடுவில் புகுந்துவிட அவளுக்குக் கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

எர்மெலிந்தாவின் தலை நின்றது.

"ஸ்டாப்," என்றாள். ஆங்கிலத்திலேயே தொடர்ந்தாள். "எனக்குப் புரியல. திரும்பச் சொல்லுங்க."

ராமிரோ நல்ல மனுஷர். பாவம் பெண்பிள்ளை தவிக்கிறதே என்று சட்டென்று ஸ்பானிஷுக்கு மாறினார். "ஒண்ணுமில்ல தங்கச்சி, நான் என்ன சொல்றேன்னா..."

"நோ," என்றாள் எர்மெலிந்தா. "ஸ்பானிஷ் வேணாம். இங்கிலீஷ்ல சொல்லுங்க."

ராமிரோ வாயைத் திறந்தார். இவ்வளவு நேரம் கொட்டிய ஆங்கிலம் இப்போது வரவில்லை. ஒரு சொல்லைப் பிடித்தார், அது வேஷக்காரன் என்று தெரிந்து விட்டுவிட்டு இன்னொன்றைத் தேடினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

எர்மெலிந்தா சிரிக்கவில்லை. மேஜைமேல் கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தாள்.