வெள்ளிக்கிழமை டப்பா

விக்னேஸ்வரன் மனைவி லோகேஸ்வரியின் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது சமையலறையில் அக்காவின் குரல் உயர்ந்தது.

"நகரு பிள்ளை! செத்த வீட்டுல ஆக்கி வெச்சத யாராவது வெச்சிருப்பாங்களா?"

அவன் கை நின்றது. கூடம் நிறைய ஆட்கள். கரங்கான் ஊர் உறவுகள் ஒரு பக்கம், அவளோடு கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை செய்த பெண்கள் ஒரு பக்கம். நேற்று மாலை பேக்டரி பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டைத் திறந்த கையோடு விழுந்தவள்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விடிகாலையில் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். வெயில் தாழ்வதற்குள் எடுத்தாக வேண்டும்.

"எங்க போறீங்க? நேரமாச்சு," என்றார் சடங்கு செய்ய வந்த பண்டாரம்.

"இதோ வந்துர்றேன்," என்று எழுந்து போனான்.

மகள் பிரேமினி ஃபிரிட்ஜ் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். எதிரே அவனுடைய அக்கா யோகேஸ்வரி, கையில் கறுப்புக் குப்பைப் பை. சுங்கைப் பட்டாணியிலிருந்து இருட்டோடு வந்து இறங்கியதிலிருந்து இந்தச் சாவு வீட்டைத் தலையில் சுமப்பவள் அவள்தான். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள்.

"அப்பா, நேத்து டப்பாவ அத்தை கொட்டிட்டாங்க. இப்ப மிச்சத்தையும் கேக்கறாங்க. அம்மா சமைச்சதுப்பா!"

அந்த வீட்டின் இரவுச் சாப்பாடு முழுக்க அந்த ஃபிரிட்ஜுக்குள்தான் இருந்தது. லோகேஸ்வரி இருட்டில் போய் இருட்டில் வருபவள். அவனோ எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி, இடுப்பு கழன்று வந்து விழுபவன். இன்று என்ன ஆக்குவது என்று யோசிக்கக்கூட இருவருக்கும் தெம்பு இருக்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை நாள் முழுக்க நின்று, ஐந்து ராத்திரிக்கும் குழம்பு வைத்து, பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஊற்றி உறைய வைத்துவிடுவாள். திங்களுக்குச் சிவப்பு மூடி, மீன். வெள்ளிக்குப் பச்சை மூடி, அன்று சைவம். யார் முதலில் வீடு திரும்புகிறார்களோ அவர்கள் அன்றைய டப்பாவை வெளியே எடுத்து வைக்க வேண்டும். "ஐஸ் கறி ரெடியா?" என்று கிண்டல் செய்துகொண்டே இரண்டாம் முறை சோறு வாங்குவான் விக்னேஸ்வரன். அவள் கண்டுகொள்ள மாட்டாள். சுட வைக்கும்போதுதான் உப்பே போடுவாள். முதலிலேயே போட்டால் கரித்துவிடும் என்பது அவள் கட்சி.

நேற்றுச் சிவப்பு மூடியை எடுத்து வைத்துவிட்டுத்தான் பிரேமினி அம்மாவுக்காகக் காத்திருந்தாள்.

"நான் என்ன ஆசைப்பட்டா கொட்டச் சொல்றேன்?" அக்காவின் குரல் நடுங்கியது. "தீட்டுலா தம்பி. நாளைக்கு இந்தப் பிள்ளைக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?"

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் மகளின் காலடியில் தண்ணீர் தேங்கியிருப்பதைக் கண்டான். ஃபிரிட்ஜின் அடியிலிருந்து அது மெல்லப் பரவி வந்துகொண்டிருந்தது.

"பிளக்க யாரு புடுங்குனா?" என்றாள் அக்கா.

"நாந்தான்."

விடிகாலையில் பெட்டியை இறக்கியதும் கூடம் புழுங்கியது. அங்கே இருந்த ஒரே பிளக்கில் விளக்குகளை மாட்டியிருந்தார்கள். லோகேஸ்வரிக்குப் புழுக்கம் ஆகாது; வேலை விட்டு வந்தால் பையைக்கூட இறக்காமல் காற்றாடி முன்னால் போய் நிற்பாள். அவன் ஃபிரிட்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டு, காற்றாடிக்குச் சமையலறையிலிருந்து நீள வயர் இழுத்து, அவள் தலைமாட்டில் ஓட விட்டான். அதற்குப் பிறகு அந்த நினைப்பே இல்லை.

பிரேமினி ஃபிரீசரைத் திறந்தாள். ஒவ்வொரு டப்பாவாக அழுத்திப் பார்த்தாள்.

"எல்லாம் எளகிருச்சுப்பா."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் திட்டவில்லை. கூடத்தில் காற்றாடி ஓடும் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

"வாய்க்கரிசி போடணும், மகள வரச் சொல்லுங்க," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அக்கா, கறி மீன நீ என்ன செய்யணுமோ செய். பச்சை மூடிய மட்டும் விட்ரு. அது சைவம்."

"தம்பி, தீட்டுன்னா சைவம் அசைவம்..."

"இருக்கட்டும்கா. அவ தீட்டுதானே."

அக்காவின் கையில் பை சரசரத்தது. பிரேமினி ஃபிரிட்ஜை விட்டு நகர்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவோடு கூடத்துக்குப் போனாள். அவள் கையில் அரிசியைக் கொடுத்தார்கள். அம்மாவின் வாயருகே கொண்டுபோன கை வெகுநேரம் திரும்பி வரவில்லை. சங்கு ஊதினார்கள்.

அவன் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது வீடு கழுவிக் காய்ந்திருந்தது. கூடத்தில் மூன்று தட்டு போட்டிருந்தாள் அக்கா. சோறும் ரசமும் பக்கத்து வீட்டு ஷீலா கொடுத்தனுப்பியவை. அவற்றின் நடுவே ஒரு சட்டியில் சாம்பார் ஆவி பறந்தது. கத்தரிக்காய், முருங்கைக்காய். அருகில் பச்சை மூடி கழுவிக் கவிழ்த்திருந்தது.

"ஷீலா வீட்டு அடுப்புல சுட வெச்சேன்," என்றாள் அக்கா, யார் முகத்தையும் பார்க்காமல். "நம்ம வீட்டுல அடுப்பு மூட்டல." தன் தட்டிலும் சாம்பாரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

விக்னேஸ்வரன் பிசைந்து ஒரு வாய் வைத்தான். பிரேமினியும் வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அக்காவும் ஒரு வாய் வைத்தாள். மென்றவள் சட்டென்று நிறுத்தினாள். எழுந்து உள்ளே போய் உப்பு டப்பாவைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

பிரேமினி அடுத்த வாய் பிசைந்தாள். அவனும் பிசைந்தான். அக்கா கொஞ்ச நேரம் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டியைச் சாய்த்து, அடியில் இருந்ததைக் கரண்டியால் வழித்து, மூன்று தட்டிலும் சமமாக ஊற்றினாள். உப்பு டப்பாவை யாரும் திறக்கவில்லை.