ஐம்பத்தொரு நிமிடம்

"குழி வெட்டியாச்சு, சேர்" என்றார் சாஹுல் ஹமீது ஹாஜியார். பள்ளிவாசல் முன் நின்ற வேனிலிருந்து மஹ்மூத் ஒரு காலைத்தான் கீழே வைத்திருந்தான். "ஓரமா, பேர் வைக்காத புள்ளைகள அடக்குற எடத்துல. உசிரில்லாமப் பொறந்த புள்ளைக்குத் தொழுக இல்லத்தானே. பகல் ளுஹர் தொழுகைக்கு முந்தி முடிச்சிரலாம்."

மஹ்மூத்தின் இரண்டு கைகளிலும் வெள்ளைத் துவாய்ப் பொதி இருந்தது. கண்டி ஆஸ்பத்திரியிலிருந்து மடவளை வரும்வரை, கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் வேன் நின்று நின்று வந்தபோதும், அவன் அதை மடியில் இறக்கி வைக்கவில்லை. ஒரு கிலோ எழுநூறு கிராம் என்று தாதி எழுதியிருந்தாள். கை வலித்தது. அந்த வலி போய்விடக் கூடாதென்றிருந்தது அவனுக்கு.

ஹாஜியார் பள்ளிவாசலின் டிரஸ்டி. அவர்மேல் பிழையில்லை. நாலு மாதத்துக்கு முன் இதே வாசலில், "வீட்டுல விசேஷமாமே, சேர்" என்று அவர் சந்தோஷமாகக் கேட்டபோது, "அது வாழுற புள்ளயில்ல, ஹாஜியார். மௌத்தாத்தான் வரும்" என்று சொன்னவன் அவன்தான். சோதனை முடிவு வந்த கிழமை அது. ஊர் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டது.

அம்னியோசென்டஸிஸ். கிளினிக் அட்டையில் டொக்டர் எழுதியதைப் பார்த்துவிட்டு அவன் மனைவி பஸீஹா, "இது என்னத்த?" என்று கேட்டாள். பத்தாம் ஆண்டுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு விளக்கம் நாக்கு நுனியில் இருந்தது.

"அம்னியன் எண்டா வயித்துக்குள்ள புள்ளயச் சுத்தி ஈக்கிற பை. புள்ள அதுக்குள்ள தண்ணியில மிதக்குது. ஊசியால குத்தி அந்தத் தண்ணியில கொஞ்சம் எடுப்பாங்க. நாலு தேக்கரண்டி அளவு. புள்ளட ஒடம்புல இருந்து கழண்ட கலங்கள் அதுல ஈக்கும். அத வச்சுப் புள்ளயப் பத்தி வாசிக்க ஏலும்."

"தண்ணியில எழுதினதயா வாசிக்கிற? ஒங்கட கையெழுத்து மாதிரி ஈந்தா டொக்டருக்கும் வெளங்காது" என்று சிரித்தாள் பஸீஹா.

டொக்டருக்கு விளங்கியது. பதினெட்டாவது நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று. பெண்பிள்ளை. இதயத்தில் துவாரம். பிறக்கும்வரை இருப்பதே நிச்சயமில்லை; இருந்தாலும் பிறந்த பின் கொஞ்ச நேரம். அவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னதை மஹ்மூத் தமிழில் அதைவிட மெதுவாகச் சொன்னான்.

"இதுக்கு மருந்து ஈக்கா?"

"இல்ல."

"அப்ப எதுக்கு இந்தச் சோதன?"

"தெரிஞ்சுகொள்ள."

"தெரிஞ்சு?"

அவன் கிளினிக் அட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். அன்றிலிருந்து அவன் அவள் வயிற்றில் கை வைக்கவில்லை. கிளினிக்குக்குக் கூட்டிப்போவான், வெளியே நிற்பான். உள்ளே அவள் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் டொக்டரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருப்பது கதவுக்கு வெளியே கேட்கும். என்னவென்று அவன் விசாரித்ததில்லை.

"வெயில் ஏறுது, சேர்" என்றார் ஹாஜியார்.

"இவள் மௌத்தாப் பொறக்கல்ல."

ஹாஜியார் பொதியைப் பார்த்தார். "நீங்கதானே அண்டைக்கு..."

"நான் சென்னது பிழ, ஹாஜியார்."

பேச்சுக் கேட்டு ஹலீம் மௌலவி உள்ளேயிருந்து வந்தார். தொழுகை நடத்துவதும் மறுப்பதும் அவர் சொல்லில் இருந்தது. ஸலாம் சொல்லிவிட்டு மஹ்மூத்தின் அருகே வந்து நின்றார்.

"கேக்கத்தான் வேணும், கோவிக்க வாணாம். புள்ள அழுதிச்சா?"

"அழல்ல."

ஹாஜியார் தொண்டையைச் செருமினார். மௌலவி அவர் பக்கம் திரும்பவில்லை.

"மூச்சு?"

"ஈந்திச்சு. ஆறு பத்துல இருந்து ஏழு ஒண்டு வர. செவருல மணிக்கூடு ஈந்திச்சு. அம்பத்தொரு நிமிஷம்."

"பாத்தது யாரு?"

"நான்."

காலையில் ஆஸ்பத்திரியில், வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தவனைத் தாதி கைகாட்டிக் கூப்பிட்டாள். ஆண்களை விடாத அறை அது. கதவருகில் நின்ற டொக்டர், "உங்கள் மனைவி நாலு மாதமாக என்னிடம் இது ஒன்றைத்தான் கேட்டார். பிள்ளை வந்ததும் தகப்பனை உள்ளே விட வேண்டுமாம். காதில் ஏதோ சொல்ல இருக்கிறதாம்" என்று சொல்லி வழிவிட்டார்.

பிள்ளை பஸீஹாவின் நெஞ்சில் கிடந்தது. நீலம் பாரித்த சிறு முகம். அழுகை இல்லை. விலா மட்டும் ஏறி, நின்று, ஏறியது.

"சுருக்கா பாங்கு சொல்லுங்க" என்றாள் பஸீஹா. "இவளுக்கு நேரமில்ல."

பிறந்த பிள்ளை முதலில் கேட்க வேண்டியது தொழுகைக்கான அந்த அழைப்பு. வலது காதருகே குனிந்தான். அல்லாஹு அக்பர் வெறும் மூச்சாகத்தான் வந்தது. பாங்கு பாதி கடந்தபோது பிள்ளை கண்ணைத் திறந்தது. ஈரக் கறுப்புக் கண்கள். யாரையும் தேடாமல், எதற்கும் அஞ்சாமல், அவை அவன் பக்கம் நின்றன. முடித்துவிட்டுச் சுட்டுவிரலை அதன் கைக்குள் வைத்தான். கை இறுகியது. சுட்டுவிரல் மற்ற விரல்களின் மேல் ஏறி மடிந்திருப்பது இந்த நோயின் அடையாளம் என்று அவன் வாசித்திருந்தான். ஆனால் இது அவனைப் பிடித்தது. அடையாளமா, பிடியா? விரலை எடுக்க மனமில்லாமல், குனிந்தபடியே நின்றான்.

"எதுக்கு அந்தச் சோதன எண்டு இப்ப வெளங்கிச்சா?" என்றாள் பஸீஹா, பிள்ளையிலிருந்து கண்ணெடுக்காமல்.

வாசலில் மௌலவி கையை நீட்டி, பொதியின் ஓரத்தைத் தொட்டார்.

"அழுகதான் வேணும் எண்டில்ல. மூச்சு போதும். குளிப்பாட்டிக் கபன் துணி சுத்துங்க, ளுஹருக்குப் பொறகு தொழுவோம். பேர் என்ன, சேர்?"

"ஹபீலா."

"ஹாஜியார், அந்த ஓரத்துக் குழி வாணாம். மத்த ஆக்கள்ட வரிசையில ஒண்டு வெட்டச் செல்லுங்க."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "செல்லுறதென்ன, நானே போறேன்" என்று மண்வெட்டி இருந்த பக்கம் நடந்தார்.

வீட்டில் ராத்தா றலியா, அவனுடைய அக்கா, குளிப்பாட்ட இலந்தை இலை போட்ட தண்ணீரோடு காத்திருந்தாள். விஷயம் அதற்குள் அவளுக்கு வந்திருந்தது. "அந்த ஹாஜியாருக்கு எல்லாத்துக்கும் அவசரம். கலியாணத்துலயும் மொத சாப்பாட்டுச் சஹன்ல அவர்தான் குந்துவார். நீ ஊத்து, தம்பி. நான் களுவுறேன்."

அவன் ஊற்றினான். முதுகு, கழுத்து, எலிவால்போல் ஒட்டிக்கிடந்த கொஞ்சம் முடி. நாலு தேக்கரண்டித் தண்ணீரில் இவளை முழுக்க வாசித்தாயிற்று என்று நினைத்திருந்தான். காதுமடலின் ஓரம் பஸீஹாவுடையதுபோல் வெளியே வளைந்திருந்தது. அதை எந்த அறிக்கையும் சொல்லவில்லை.

"இந்தக் கை தொறக்குதில்லயே" என்றாள் ராத்தா.

"விடுங்க ராத்தா. அப்படியே ஈக்கட்டும்."

மூடிய கையின் மேல், விரலிடுக்குகளில், அவனே தண்ணீர் விட்டான்.

ளுஹர் முடிந்தும் யாரும் எழும்பிப் போகவில்லை. ஹலீம் மௌலவி ஒதுங்கி நின்று, "தொழுக நடத்த வாப்பாக்குத்தான் உரிம. முன்னுக்கு வாங்க, சேர்" என்றார். பின்னால் மூன்று வரிசை நின்றது. இரண்டாவதில் ஹாஜியார், சாரத்தின் கரையில் ஈரமண்ணோடு.

இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகைக்குப் பாங்கு கிடையாது. யாரும் ஒலிவாங்கிப் பக்கம் போகவில்லை. இவளுக்கான பாங்கைக் காலையிலேயே சொல்லியாயிற்று.

மஹ்மூத் தொழுகையைத் தொடங்கக் கைகளை உயர்த்தினான். அவள் பிடித்திருந்த விரலின் நகத்தோரம் இலந்தை இலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது.