கடல்நாய் கேட்கக் கூடாத பெயர்

1

“எழுதிக்கோ. ஆனா இப்ப இருக்கிற எங்க வீட்டுக்காரரு பேரை மட்டும் போடாத,” என்றாள் ஓஸ்லா.

“பேரே இல்லாம எப்படிடி காதல் கதை எழுதறது?” என்றேன்.

“நீ எழுதினதை வாய்விட்டுப் படிச்சுப் பார்ப்பே. உன் ஜன்னலுக்குக் கீழயும் தண்ணிதான்.”

இந்தக் கதை பிறந்தது அவள் அடுப்படியில், உப்புக்கண்டம் போட்ட ஆட்டிறைச்சி சூப் கொதித்துக்கொண்டிருந்தபோது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஷெட்லாந்து தீவுகளில் எங்கள் கரையில் தண்ணீர் கேட்கும் தூரத்தில் ஆண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடல்நாய் கேட்டுக்கொள்ளுமாம். அது கேட்டால் கடலுக்கும் தெரிந்துவிடுமாம். கடல்நாயையும் அதன் பெயரால் சொல்ல மாட்டார்கள். படகில் அது ‘பாசிமீன்’.

(சீலுக்குத் தமிழில் கடல்நாய் என்று பெயர் என்றேன். ஓஸ்லா சிரித்தாள். “நாய் கூப்பிட்டா வரும். இது யாரைக் கூப்பிடறோம்னு கேட்டுக்கும்.”)

2

[முதல் தொடக்கம்: ராஸ்மஸ் படகை அவிழ்த்த காலையில் ஓஸ்லா—]

வேண்டாம். குடும்பக் கதை எழுதுகிறவள் சாவில் தொடங்கக் கூடாது. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

ராஸ்மஸ் அவளுடைய முதல் கணவன். கல்யாணமான புதிதில், சாப்பாடு ஆறுகிறதே என்ற அவசரத்தில், பாறைமேல் நின்று அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். படகுக்கும் அவளுக்கும் நடுவே ஈரமான, வழவழப்பான தலை ஒன்று எழுந்தது. ராஸ்மஸ் கையசைத்தான். அந்த வாரமே படகு மட்டும் திரும்பி வந்தது.

“அந்தப் பேரு கடலுக்குப் போயாச்சு. இனி யார் வேணா சொல்லலாம்,” என்பாள். சொல்லவும் செய்வாள். ரொட்டி சுடும்போதும் துணி காயப்போடும்போதும் ராஸ்மஸ், ராஸ்மஸ்.

3

இரண்டாவது கணவர் லெர்விக் நகரத்திலிருந்து, நண்டு பிடிக்கக் கடலில் கூடை போட வந்தவர். ஊருக்கு அவர் ‘தாடி’. ஓஸ்லாவுக்கு அதுகூட இல்லை, “இங்க பாரு” மட்டும்தான். கரையோரத் தேவாலயத்தில் கல்யாண உறுதிமொழி சொல்லும்போது அவர் பெயர் வரவேண்டிய இடத்தில் இருமினாள். பாதிரியார் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மறுபடி சொல்லச் சொன்னார், மறுபடி இருமினாள். கடைசி வரிசையில் யாரோ, பெண்ணுக்குச் சளி, மாப்பிள்ளைக்குத் தாடி, நல்ல பொருத்தம் என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். தாடியும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

(கணவன் பெயரைச் சொல்லாத பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது மரியாதை. ஓஸ்லாவுடையது பயம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரு வரைவையே வீணாக்கினேன்.)

செத்தவன் பெயர் நாள் முழுக்க ஒலிக்கும் வீட்டில், உயிரோடு இருப்பவருக்குப் பெயரே இல்லை. அவள் வாயால் தன் பெயரை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று அவர்

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமை இல்லை. அவரே சொல்லட்டும்.]

4

ஓஸ்லா எச்சரித்தும், எழுதியதை நான் வாய்விட்டுத்தான் படித்தேன். பழக்கம். தாடியின் பெயரை எழுதியிருந்த இடத்தில் முதல் எழுத்தைச் சொன்னேன். கீழே பாறையில் வாழைப்பழம் போல வளைந்து படுத்திருந்த பாசிமீன்கள் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பின. ஒன்று மட்டும் சத்தமில்லாமல் தண்ணீரில் இறங்கி, கழுத்தளவில் நின்று, கறுத்த கண்களால் ஜன்னலைப் பார்த்தது. மீதி எழுத்துக்களுக்காகக் காத்திருந்தது.

ஜன்னலைச் சாத்தினேன். பெயரை அழித்தேன். அது இருந்த இடம் இதுதான்: [        ]

5

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன். ஒன்றில் அவள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள், ஒன்றும் நடப்பதில்லை. அதை நானே நம்பவில்லை. இன்னொன்றைக் கிழித்துவிட்டேன்.

நேற்று மாலை கண்ணால் கண்டதை மட்டும் தருகிறேன். படகுத்துறையில் கூடைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். தாடி ஒரு காலைப் படகில் வைத்திருந்தார். கயிறு ஓஸ்லாவின் கையில். காற்றே இல்லை. தண்ணீரில் பாசிமீனின் தலை ஆடாமல் நின்றது. தாடி கேட்டதோடு நிறுத்திக்கொள்வேன், அதற்குப் பிறகு நடந்ததை எழுத மாட்டேன். இவ்வளவு தூரம் படித்த நீங்கள் அவருக்கு மனதில் ஏதோ ஒரு பெயர் வைத்திருப்பீர்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தால், தயவுசெய்து உதட்டை அசைக்காதீர்கள்.

தாடி அந்தத் தலையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“அது கேட்டா கேட்டுட்டுப் போகட்டும், ஓஸ்லா. ஒரே ஒரு தடவை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு.”