மூச்சு விடாத ஃப்ளூட்

நுரையீரல் டாக்டர், "இனிமே ஊதற வேலையே வேண்டாம்மா" என்று சொன்ன அன்றே அவள் ஃப்ளூட்டைப் பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவள். கை சும்மா இருக்குமா? கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு வாத்தியக் குழுவை உட்காரவைக்கும் சாஃப்ட்வேரை வாங்கிக் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள்.

முதலில் எல்லாம் அழுதுவடிந்தது. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் அத்தனை வயலினும், வகுப்புப் பிள்ளைகள் 'வணக்கம் டீச்சர்' சொல்வதுபோல, ஒரே நொடியில் கிளம்பின. சுரங்களை மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தினாள். கீபோர்டின் ஓரத்துச் சக்கரத்தை விரலால் உருட்டி, ஒவ்வொரு சுரமும் மெல்ல எழுந்து வடியும்படி செய்தாள். படாதபாடு பட்டபின் ஒருநாள் வயலின்களுக்கு உயிர் வந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து திரும்பிய கணவர் செருப்பைக் கழற்றாமலே கேட்டார்: "யாரு வந்திருக்காங்க?"

அந்தத் தைரியத்தில் ஒரு குறும்படத்துக்கு இசையமைக்க ஒப்புக்கொண்டாள். கேட்டுவிட்டு இயக்குநர் ஃபோன் செய்தான்.

"அக்கா, வயலின்லாம் அசத்தல். ஃப்ளூட்தான் கம்ப்யூட்டர்னு காட்டிக்குடுக்குது."

முகத்தில் அறைந்தமாதிரி இருந்தது அவளுக்கு. போயும் போயும் ஃப்ளூட்டா?

கணவர் ஆறுதலாகத்தான் ஆரம்பித்தார். "நீ வாசிக்கறப்போ நடுவுல மூச்சை இழுக்கறப்போ 'ஹ்க்'னு ஒரு சின்னச் சத்தம் வரும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். இதுல அது இல்ல..."

"எனக்குத் தெரியாதா?" அவள் வெடித்தாள். "தெரிஞ்சேதான் விட்டேன். கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற இவளாவது மூச்சு வாங்காம வாசிச்சுட்டுப் போகட்டுமேன்னு!"

கத்தியதில் இருமல் பிடித்துக்கொண்டது. அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

மறுநாள் காலையில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஃப்ளூட்டின் நீண்ட வரியை எங்கே வெட்டி மூச்சுக்கு இடம் விடுவது? உதடுகளைக் குவித்து, சத்தமில்லாமல் கூடவே ஊதிப் பார்த்தாள். நான்காவது சுரத்திலேயே நெஞ்சு இறுகியது. அங்கேயா வெட்டுவது? இல்லை, பழைய அவள் மூச்சு வாங்கியிருக்கும் இடத்தில்தான் வெட்டினாள். சாஃப்ட்வேரிலேயே மூச்சொலிகளும் இருந்தன. எங்கேயோ ஒரு அறையில், யாரோ ஒரு பெண் மைக்கின் முன் நின்று இழுத்த மூச்சு. தங்குதடையில்லாத, ஆரோக்கியமான மூச்சு. அதை இடைவெளியில் பொருத்தியபோது, முகம் தெரியாத அந்தப் பெண்மேல் அவளுக்குப் பொறாமை பற்றி எரிந்தது.

மறுபடி அனுப்பினாள். உடனே ஃபோன் வந்தது.

"அக்கா! நிஜ ஆளையே கூப்பிட்டுட்டீங்களா? யாரு வாசிச்சது?"

"ஒரு பொண்ணு," என்றாள். "நல்லாத்தான் வாசிக்கறா."

"அடுத்த படம் முழுக்க அவங்களையே வச்சுப் பண்ணலாம்க்கா."

"யோசிச்சுச் சொல்றேன் தம்பி."

ஃபோனை வைத்ததும் கணவர் கேட்டார். "நீதான்னு சொல்லியிருக்கலாமே?"

"நான் இல்லையேங்க."

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, செல்லோ வாத்தியங்களின் வரியைத் திறந்து சரிசெய்யத் தொடங்கினாள். ஃப்ளூட்டின் ஒலியை மட்டும் அணைத்து வைத்திருந்தாள்.